இரண்டு ஆண்டுகள் உழைத்த ஒரு கார்டு ரீடர்

கேமராவின் மெனுவில் ‘கார்டை ஃபார்மட் செய்யவா?’ என்ற கேள்வி வந்து நிற்கும்போது, ‘ஆம்’ என்று அழுத்துவதற்கு முன் விரல் ஒரு நொடி தயங்கும். படங்கள் எல்லாம் கணினிக்குப் போய்விட்டனவா, போனவை முழுமையாகப் போயினவா, ஏதாவது விடுபட்டுவிட்டதா என்ற ஐயம்தான் அந்தத் தயக்கம். கேமராவிலிருந்து கணினிக்குப் படங்களை மாற்றுவதற்கென்று விற்கப்படும் எந்தக் கருவியையும் இந்த ஒரு நொடியை வைத்துத்தான் நான் மதிப்பிடுகிறேன். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் வேகம் அதற்கு அடுத்தபடிதான். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக ஏறக்குறைய வாரந்தோறும் பயன்படுத்திவரும் ஒரு கார்டு ரீடரைப் பற்றி இங்கே எழுதுகிறேன். அது எந்த இடத்தில் என் தயக்கத்தைக் குறைத்தது, எந்த இடத்தில் கூட்டியது என்பதே என் பேச்சு.

தயாரித்தவரின் பெயரை எழுதப் போவதில்லை. ஏறத்தாழ ஒரே அமைப்பில், மேலே அச்சிட்ட பெயர் மட்டும் மாறி, இதைப் போன்ற ரீடர்கள் பல விற்கப்படுகின்றன. ஆகையால் பெயரைவிட அமைப்பைச் சொல்வதே வாங்க நினைப்பவருக்குப் பயன்படும். தீப்பெட்டியைவிடச் சற்றே நீளமான அலுமினியக் கூடு. முன்பக்கத்தில் இரண்டு எஸ்டி கார்டு ஸ்லாட்டுகள், அவற்றுக்கு நடுவே ஒரு மைக்ரோ எஸ்டி ஸ்லாட். பின்பக்கத்தில் டைப்-சி போர்ட். உடன் வரும் கேபிள் ஒரு சாண் நீளம்கூட இல்லை. ஆனால் கழற்றி மாட்டக்கூடியது. மேற்புறத்தில் ஒரு சிறிய நீல விளக்கு. யுஎச்எஸ்-II என்ற வேகமான வகை எஸ்டி கார்டுகளை அவற்றின் முழு வேகத்தில் படிக்கும் என்று பெட்டி சொல்கிறது. காம்பாக்ட் ஃபிளாஷுக்கோ சிஎஃப் எக்ஸ்பிரஸுக்கோ இதில் இடமில்லை. அந்தக் கார்டுகளை வைத்திருப்பவர்கள் இதற்கு மேல் படிக்கத் தேவையில்லை.

இதை வாங்குவதற்கு முன் பல காலம் கேமராவையே கேபிள் மூலம் கணினியில் இணைத்துப் படங்களை எடுத்துக்கொண்டிருந்தேன். அதில் குறை ஒன்றும் இல்லை என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். கேமராவோடு வந்த கேபிள், கேமராவிலேயே இருக்கும் போர்ட், தனியாக ஒரு பொருள் எதற்கு? ஆனால் நான் அப்போது வைத்திருந்த கேமராவின் போர்ட் யுஎஸ்பி 2.0. அந்தத் தரம் ஏட்டளவில் விநாடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 மெகாபைட். நடைமுறையில் கிடைப்பது அதில் பாதி அளவுதான். பறவைகளைப் படமெடுப்பவர்கள் ஒரே சிறகடிப்புக்கு இருபது முப்பது படங்களைத் தொடர்ச்சியாக எடுப்போம். மாலையில் வீடு திரும்பும்போது 64 ஜிபி கார்டு ஏறக்குறைய நிறைந்திருக்கும். அதைக் கேபிள் வழியாக இறக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரம் முழுவதும் கேமரா விழித்திருக்க வேண்டும், பேட்டரியும் தாக்குப்பிடிக்க வேண்டும்.

ஒரு நாள் பேட்டரி தாக்குப்பிடிக்கவில்லை. பாதியில் கேமரா அணைந்தது. கணினித் திரையில் நகலெடுக்கும் பட்டி அப்படியே உறைந்து நின்று, பிறகு ஒரு பிழைச் செய்தியோடு மறைந்தது. போன கோப்புகளைத் திறந்து பார்த்தால், கடைசிப் படத்தில் ஒரு நாரையின் தலையும் கழுத்தும் சரியாக இருந்தன. அதற்குக் கீழே படம் முழுவதும் ஒரே சாம்பல் பட்டை. ஜேபெக் கோப்பு பாதியில் அறுந்தால் இப்படித்தான் தெரியும்: வந்து சேர்ந்த தகவல் வரைக்கும் படம், மீதி வெறும் நிறம். கார்டில் மூலப் படம் பத்திரமாக இருந்ததால் இழப்பு ஏதுமில்லை. ஆனால் கோப்பின் பெயர் கோப்புறையில் இருப்பதும், படம் அதற்குள் முழுமையாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

கேபிள் முறையில் இன்னொன்றும் உண்டு. பல கேமராக்கள் கணினியில் ஒரு பென் டிரைவைப் போலத் தெரிவதில்லை. படப் பரிமாற்றத்துக்கென்று வகுக்கப்பட்ட பிடிபி என்ற நெறிமுறையில் பேசுகின்றன. கணினி ஒவ்வொரு படமாகக் கேட்க, கேமரா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும். கார்டின் உள்ளமைப்பு கணினிக்கு நேரடியாகத் தெரியாது. கேமரா எதைக் காட்டுகிறதோ அதுதான் தெரியும். சில சமயம் காணொளிகளை அது காட்டுவதே இல்லை. நேர்மையாகச் சொன்னால் கேபிளுக்கும் சில நற்குணங்கள் உண்டு: கார்டை வெளியே எடுக்காததால் அது தொலைவதில்லை, கேமராவின் கார்டு மூடி தேய்வதில்லை, தூசி போவதில்லை. அண்மைக் காலக் கேமராக்கள் பலவற்றில் வேகமான டைப்-சி போர்ட் இருக்கிறது. இணைத்தபடியே பேட்டரியும் ஏறும். அப்படி ஒரு கேமரா கையில் இருந்து, ஒரே ஒரு கார்டைத்தான் பயன்படுத்துகிறீர்கள் என்றால், ரீடர் வாங்குவதை நான் வற்புறுத்த மாட்டேன்.

இனி ரீடரின் வேகம். இந்த இடத்தில் பெட்டி சொல்வதை அப்படியே நம்பினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். எஸ்டி கார்டு அறிமுகமானது 1999-இல். 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி வகை 2009-இல் வந்தது. கையில் பிடித்தால் எல்லாம் ஒரே அளவு, ஒரே வடிவம். வேறுபாடு பின்புறத்தில் இருக்கிறது. சாதாரணக் கார்டைத் திருப்பிப் பார்த்தால் தங்க நிறத் தொடுமுனைகள் ஒரே வரிசையில் இருக்கும். யுஎச்எஸ்-II கார்டில் அதற்குக் கீழே இரண்டாவதாக ஒரு வரிசை இருக்கும். யுஎச்எஸ்-I-இன் உச்ச வரம்பு விநாடிக்கு 104 மெகாபைட். யுஎச்எஸ்-II-இன் வரம்பு 312. பெட்டியில் அச்சிட்டிருப்பது இந்த இரண்டாவது எண். அது சாலையின் அகலம். அந்தச் சாலையில் உங்கள் வண்டி எவ்வளவு வேகமாகப் போகும் என்பது கார்டைப் பொறுத்தது.

என்னிடம் இருந்த மூன்று யுஎச்எஸ்-I கார்டுகளும் இந்த ரீடரில் விநாடிக்கு 85 முதல் 90 மெகாபைட் வரை கொடுத்தன. இதன் பொருட்டு நான் பின்னர் வாங்கிய ஒரே ஒரு யுஎச்எஸ்-II கார்டு 240-ஐ ஒட்டிக் கொடுத்தது. 60 ஜிபி படங்களுக்கு இதைக் கணக்கிட்டுப் பார்த்தால், முதல் வகைக் கார்டுக்குப் பதினொன்றரை நிமிடம், இரண்டாவது வகைக்கு நான்கு நிமிடத்துக்குச் சற்று அதிகம். அரை மணி நேரம் பதினொன்றரை நிமிடமானதுதான் என் வாழ்க்கையில் பெரிய மாற்றம். பதினொன்றரை நான்கானது வசதி, அவ்வளவே. ஆகவே யுஎச்எஸ்-I கார்டுகளை மட்டும் வைத்திருப்பவர்கள் இந்த ரீடருக்குக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டியதில்லை. எளிமையான யுஎஸ்பி 3.0 ரீடரே அதே வேலையைச் செய்யும். இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். சில யுஎச்எஸ்-I கார்டுகளின் மேல் 170 அல்லது 200 மெகாபைட் என்று எழுதியிருக்கும். 104-ஐத் தாண்டிய அந்த வேகம் கார்டைத் தயாரித்தவர்களின் தனி உத்தி ஒன்றால் வருவது; அந்த உத்தியைப் புரிந்துகொள்ளும் ரீடரில் மட்டுமே கிடைக்கும். இந்த ரீடருக்கு அது புரியவில்லை. அந்தக் கார்டும் 90-இலேயே நின்றது. இதைப் பெட்டியில் ஓர் ஓரத்திலாவது அச்சிட்டிருக்கலாம்.

வேகம் குறைந்தால் ரீடரைத் திட்டுவதற்கு முன் கேபிளைப் பாருங்கள். உடன் வந்த குட்டைக் கேபிள் மேசைக்கு எட்டவில்லை என்று, கைபேசி சார்ஜருடன் வந்த நீளமான டைப்-சி கேபிளை ஒரு நாள் மாட்டினேன். வேகம் சடாரென்று 38-க்கு இறங்கியது. கார்டு பழுதா, ரீடர் பழுதா என்று அரை நாள் அலசிய பிறகுதான் விளங்கியது: முனை டைப்-சி என்பதால் உள்ளே எல்லாக் கம்பிகளும் இருக்கும் என்று பொருளில்லை. மின்னேற்றத்துக்கென்று வரும் கேபிள்கள் பலவற்றில் யுஎஸ்பி 2.0-க்கு வேண்டிய கம்பிகள் மட்டுமே இருக்கின்றன. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். தயாரித்தவர்கள் கேபிளை இன்னும் ஒரு முழம் நீட்டியிருந்தால் எனக்கு இந்தப் பாடம் கிடைத்திருக்காது. நான் அதற்காக வருந்தியிருக்கவும் மாட்டேன்.

படங்கள் போய்ச் சேரும் வட்டும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நேரடியாக நகலெடுத்தால் யுஎச்எஸ்-II கார்டின் வேகம் பாதியாகிவிடுகிறது. ஏனென்றால் அந்த வட்டால் அதற்கு மேல் எழுத முடியாது. முதலில் கணினியின் எஸ்எஸ்டியில், அதாவது சுழலும் பாகம் இல்லாத வேகமான வட்டில், இறக்கிவிட்டு, பிறகு ஓய்வாக ஹார்ட் டிஸ்குக்கு மாற்றுவதே என் வழக்கம்.

கார்டைச் செருகும் விதத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் கை நாள்தோறும் தொடுவது அதைத்தான். இந்த ஸ்லாட்டுகளில் கேமராவில் இருப்பதைப் போல் உள்ளே தள்ளினால் ‘டக்’கென்று பிடித்து, மறுபடி தள்ளினால் வெளியே வரும் சுருள்வில் இல்லை. கார்டை மெல்ல உள்ளே தள்ள வேண்டும். பாதி உடல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்க அழகில்லை என்றாலும் இதுவே நல்லது என்பது என் முடிவு. தேய்ந்துபோக வில் இல்லை. கார்டு உள்ளே இருக்கிறதா என்பது அறையின் மறுகோடியிலிருந்தே தெரியும். ரீடரிலேயே கார்டை விட்டுவிட்டு வெறும் கேமராவோடு கிளம்பிப்போகும் அவமானத்தை, உள்ளே ஒளிந்துகொள்ளும் ஸ்லாட் உள்ள பழைய மடிக்கணினியில் இரண்டு முறை அனுபவித்திருக்கிறேன். மைக்ரோ எஸ்டி ஸ்லாட்டைப் பற்றி அவ்வளவு நல்ல சொல் என்னிடம் இல்லை. நகம் வளர்த்தவர்களால் மட்டுமே அதிலிருந்து கார்டை எடுக்க முடியும். டிரோன், ஆக்‌ஷன் கேமரா வைத்திருப்பவர்கள் ஒரு அடாப்டரில் போட்டு எஸ்டி ஸ்லாட்டிலேயே செருகிக்கொள்வது எளிது.

இப்போது என் உண்மையான மனக்குறைக்கு வருகிறேன்: அந்த நீல விளக்கு. ரீடரைக் கணினியில் மாட்டியவுடன் அது எரிகிறது. கார்டைச் செருகினாலும் அப்படியேதான் எரிகிறது. படங்கள் இறங்கிக்கொண்டிருக்கும்போது சிமிட்டும் என்று பார்த்தால், அப்போதும் அதே நிலையான நீலம். கணினியில் ‘பாதுகாப்பாக அகற்று’ என்று கட்டளை கொடுத்த பிறகும் அது அணைவதில்லை. அப்படியானால் அந்த விளக்கு எதைச் சொல்கிறது? மின்சாரம் வருகிறது என்று சொல்கிறது. அது எனக்குத் தெரிந்த சேதிதான். ‘இப்போது எடுக்கலாம், இப்போது எடுக்கக் கூடாது’ என்று சொல்லத்தான் ஒரு ரீடருக்கு விளக்கு வேண்டும். இதைவிட எளிய, இதைவிடப் பழைய ரீடர்களில்கூட வேலை நடக்கும்போது துடிக்கும் விளக்கு இருந்தது. வேகத்தைக் கூட்டத் தெரிந்தவர்களுக்கு விளக்கைச் சிமிட்ட வைக்கத் தெரியாமலிருக்காது. அது முக்கியம் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

திரையில் நகலெடுக்கும் பட்டி நூறு சதவீதத்தைத் தொட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். கார்டிலிருந்து படித்தது முடிந்திருக்கும். ஆனால் போய்ச் சேர வேண்டிய வட்டில் எழுதுவது முடிந்திருக்க வேண்டும் என்பதில்லை. கணினி படித்ததைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, வட்டில் பின்னால் மெல்ல எழுதிக்கொண்டிருக்கலாம். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, கழற்றி மாட்டும் வட்டுகளுக்கு உடனுக்குடன் எழுதும் முறையே இயல்பாக இருக்கிறது. மற்ற கணினிகளில் அப்படி இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே அவசரப்பட்டுப் பிடுங்கினால் ஆபத்து கார்டுக்கு அல்ல, வெளிவட்டுக்குத்தான். கார்டிலிருந்து நாம் படிக்க மட்டுமே செய்கிறோம். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்ட பின் எனக்குக் கார்டை எடுப்பதில் பதற்றம் குறைந்தது, வெளிவட்டைக் கழற்றுவதில் பொறுமை கூடியது.

ரீடர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் படங்களை எங்கிருந்து எடுத்து எங்கே வைக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. ரீடரில் போட்ட கார்டு ஒரு சாதாரண வட்டாகத் திறக்கும். அதில் டிசிஐஎம் என்ற கோப்புறை இருக்கும். எந்த நிறுவனத்தின் கேமராவாக இருந்தாலும் இந்தப் பெயர் மாறாது. கேமராக்களுக்கான பொதுவான கோப்பு விதி ஒன்று 1990-களின் இறுதியில் ஜப்பானில் வகுக்கப்பட்டு இன்றுவரை நிலைத்திருக்கிறது. அதன்படி உள்ளே இருக்கும் கோப்புறைகள் 100 முதல் 999 வரையான எண்ணில் தொடங்கும். கோப்பின் பெயரில் நான்கு எழுத்துகளும் நான்கு இலக்கங்களும் இருக்கும். நான்கு இலக்கம் என்பதால் 9999-க்குப் பிறகு எண் மறுபடியும் 0001-க்குத் திரும்பிவிடும்.

இதனால் வரும் வினை சிறியதல்ல. தொடர்ச்சியாகப் படமெடுப்பவர்களுக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம் என்பது சில மாதக் கணக்கு. இரண்டு கேமரா வைத்திருந்தால், அல்லது கேமராவில் எண்ணிக்கையைத் தொடக்கத்துக்கு மாற்றிவிட்டால், ஒரே பெயரில் இரண்டு வேறு படங்கள் வந்து நிற்கும். எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் கொட்டிக்கொண்டிருந்த காலத்தில், ‘இதே பெயரில் கோப்பு உள்ளது, மாற்றி எழுதவா?’ என்று கணினி கேட்டது. முன்பே நகலெடுத்த படம்தானே என்று நினைத்து ‘எல்லாவற்றையும் மாற்று’ என்று அழுத்தினேன். அவை முன்பே நகலெடுத்தவை அல்ல. ஓராண்டுக்கு முன் எடுத்த ஒரு மீன்கொத்தியின் இடத்தில் இப்போது ஒரு கொக்கு நிற்கிறது. மீன்கொத்தி போனது போனதுதான். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் தேதியிட்ட தனிக் கோப்புறை, அதற்குள் ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு கோப்புறை. லினக்ஸில் ரேபிட் ஃபோட்டோ டவுன்லோடர், எல்லாக் கணினிகளிலும் இயங்கும் டிஜிகேம் ஆகிய இலவச மென்பொருள்கள், படம் எடுத்த தேதியையும் நேரத்தையும் கோப்பின் பெயரிலேயே சேர்த்து, தேதிவாரியாகப் பிரித்து வைத்துவிடும். மேக்கில் உள்ள இமேஜ் கேப்சர் அவ்வளவு செய்யாது. ஆனால் கேட்ட இடத்தில் கேட்டதை அலட்டிக்கொள்ளாமல் இறக்கும். விண்டோஸ் தானாகத் திறந்து நீட்டும் இறக்குமதிச் சாளரத்தை நான் மூடிவிடுகிறேன். இறக்கியதும் கார்டில் உள்ளவற்றை அழிக்கும் வசதியைக் கண்ணில் படும் இடத்தில் வைத்திருக்கும் எதன் மேலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. அதே காரணத்தால்தான் ‘வெட்டி ஒட்டு’ என்பதை நான் கார்டின் பக்கம் பயன்படுத்துவதே இல்லை; நகல் மட்டுமே.

டிசிஐஎம் மட்டும் போதும் என்று நினைத்தவனும் நான்தான். என் இரண்டாவது கேமரா, படங்களை டிசிஐஎம்-இல் வைத்துவிட்டு, காணொளிகளை ‘பிரைவேட்’ என்ற வேறொரு கோப்புறைக்குள், அதற்குள் ஒன்று, அதற்குள் ஒன்று என்று மூன்று அடுக்கு கீழே வைக்கிறது. கேபிளில் இணைத்தவரைக்கும் இது எனக்குத் தெரியாது. ரீடருக்கு மாறிய முதல் மாதம் டிசிஐஎம்-ஐ மட்டும் இழுத்துப் போட்டுவிட்டு, தயக்கமே இல்லாமல் ஃபார்மட் செய்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் ஒரு குஞ்சு கூட்டைவிட்டு முதல் முறை பறந்த காணொளியைத் தேடினேன். இப்போது கார்டின் வேரிலிருந்து எல்லாவற்றையும், காலியாகத் தெரியும் கோப்புறைகளையும் சேர்த்தே நகலெடுக்கிறேன். சில மெகாபைட் வீணாகும்; ஆகட்டும்.

அந்தக் காணொளி திரும்பக் கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கேமராவில் வழக்கமாகச் செய்யும் ஃபார்மட் பொதுவாகக் கோப்புகளின் அட்டவணையைத்தான் புதிதாக்குகிறது. உள்ளடக்கம், அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை, கார்டிலேயே கிடக்கும். நல்வாய்ப்பாக அந்தக் கார்டை நான் மறுபடி கேமராவில் போட்டிருக்கவில்லை. ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு ரீடர் வழியாகத் துழாவியதில், பழைய பெயர் எதுவும் இல்லாமல், வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட நூற்றுக்கணக்கான கோப்புகள் வந்தன. அவற்றில் ஒன்றாக அதுவும் இருந்தது. கேபிளில் இணைத்த கேமராவில் இது நடந்திருக்காது, ஏனென்றால் கேமரா தன் கார்டின் அடிமண்ணைத் தோண்ட யாரையும் விடுவதில்லை. ரீடர் வைத்திருப்பதன் முழுப் பயனை அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

சரிபார்ப்பதற்கு நான் செய்வது எளிய கணக்கு. கார்டில் எத்தனை கோப்புகள், மொத்தம் எத்தனை பைட். கணினியில் எத்தனை, எவ்வளவு. இரண்டும் கடைசி இலக்கம் வரை ஒத்துப்போக வேண்டும். மிக முக்கியமான நாளின் படங்கள் என்றால், இரு பக்கமும் ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்தையும் ஒப்பிட்டுச் சொல்லும் மென்பொருளைக் கொண்டு பார்ப்பேன். நகலெடுத்த கையோடு ஒப்பிட்டால் கணினி வட்டைத் தொடாமல் தன் நினைவகத்தில் இருப்பதையே காட்டிச் சமாளிக்கக்கூடும். ஆகவே வெளிவட்டை ஒரு முறை கழற்றி மாட்டிய பிறகு ஒப்பிடுவது நல்லது. இதற்கு ரீடர் இரண்டாம் முறை முழுக் கார்டையும் படிக்க வேண்டும். கேபிள் காலத்தில் இன்னோர் அரை மணி நேரம் என்று நினைத்தே இந்த வேலையைத் தள்ளிப்போட்டேன். இப்போது நான்கு நிமிடம் என்பதால் தள்ளிப்போட மனம் வருவதில்லை. வேகம் எனக்குப் பயன்பட்டது இந்த வழியில்தான்: இறக்குவதை விரைவாக்கியதைவிட, இரண்டாம் முறை சரிபார்க்கும் சோம்பலை அது போக்கியது.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு சொல். 128 ஜிபி கார்டு ஒன்றை முழுதாக இறக்கி முடிக்கும்போது அலுமினியக் கூடு, கையில் பிடித்தால் உறைக்கும் அளவுக்குச் சூடாகிவிடும். கார்டும் சூடாகத்தான் வெளியே வரும். இதனால் வேகம் குறைந்ததாக நான் பார்த்ததில்லை. ஆனால் தனி மின்சாரம் இல்லாத ஒரு யுஎஸ்பி ஹப்பில் இந்த ரீடரையும் ஒரு வெளிவட்டையும் சேர்த்து மாட்டியபோது, இரண்டு முறை நகலெடுப்பது பாதியில் அறுந்தது. இருவருக்கும் போதுமான மின்சாரம் ஒரே போர்ட்டிலிருந்து கிடைக்கவில்லை. கணினியில் நேரடியாக மாட்டிய பிறகு அப்படி நடந்ததே இல்லை. குறை ரீடருடையதல்ல, என்னுடையது. இரண்டு எஸ்டி ஸ்லாட்டிலும் கார்டு போட்டு ஒரே நேரத்தில் இறக்கலாம் என்பதும் உண்மைதான். இரண்டுக்கும் சேர்த்துத் தனித்தனியாக ஆகும் நேரத்தைவிடக் குறைவாகவே ஆகிறது. ஆனால் எந்தக் கார்டு எந்தச் சாளரம் என்று குழம்பிவிடும். ஒவ்வொரு கார்டுக்கும் கேமராவிலோ கணினியிலோ தனிப் பெயர் கொடுத்து வைக்காதவர்கள் இதை முயலாமல் இருப்பது மேல்.

கேமராவின் வைஃபை வழியாக மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு: ஒன்றிரண்டு படங்களை உடனே யாருக்காவது அனுப்ப அது நல்ல வழி. பல கேமராக்கள் அந்த வழியில் படத்தைச் சுருக்கி, சுமார் இரண்டு மெகாபிக்சல் அளவில் அனுப்பும் அமைப்பை முன்கூட்டியே வைத்திருக்கின்றன. அதைக் கவனிக்காமல், வந்ததே முழுப் படம் என்று நம்பிக் கார்டை அழித்துவிடாதீர்கள். கேமரா பதிவுசெய்த மூலத் தகவலை அப்படியே வைத்திருக்கும் பெரிய ‘ரா’ கோப்புகள் ஆயிரத்தை அந்த வழியில் இறக்கும் பொறுமை எனக்கு இல்லை.

மடிக்கணினியிலேயே எஸ்டி ஸ்லாட் இருப்பவர்களுக்கு இந்த ரீடர் வேண்டுமா என்பது அந்த ஸ்லாட்டைப் பொறுத்தது. ஆப்பிள் 2016-இல் மேக்புக் ப்ரோவிலிருந்து அந்த ஸ்லாட்டை எடுத்துவிட்டு 2021-இல் திரும்பக் கொண்டுவந்தது; அந்த இடைக்கால மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு ஏதோ ஒரு ரீடர் கட்டாயம். வேறு பல மடிக்கணினிகளில் ஸ்லாட் இருக்கும், ஆனால் உள்ளே யுஎஸ்பி 2.0 வேகத்தில்தான் இணைத்திருப்பார்கள். ஒரு பெரிய காணொளிக் கோப்பை இழுத்துப் போட்டு, வேகம் 40-ஐத் தாண்டுகிறதா என்று பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

கடைசியாக, எஸ்டி கார்டின் இடது ஓரத்தில் இருக்கும் சிறிய ‘லாக்’ பொத்தான். அதைக் கீழே தள்ளினால் கார்டில் எதுவும் எழுத முடியாது என்று நினைத்திருப்போம். உண்மையில் கார்டுக்கு அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அது வெறும் ஒரு பிளாஸ்டிக் துண்டு. ஸ்லாட்டுக்குள் இருக்கும் ஒரு நுண்ணிய விசை அந்தத் துண்டு இருக்கும் இடத்தைத் தொட்டுப் பார்த்து, எழுதலாமா கூடாதா என்று கணினிக்குச் சொல்கிறது. ஆகவே அந்தக் காவல் ரீடரின் நேர்மையைப் பொறுத்தது. இந்த ரீடர் அதில் நேர்மையாகவே நடந்துகொண்டது. பூட்டிய கார்டைப் போட்டால் கணினி அதில் எதையும் எழுத முடியாது. மேக் கணினிகள் கார்டில் போட்டு வைக்கும் மறைகோப்புகளும் வராது, கை தவறி அழிக்கவும் முடியாது. படங்களை இறக்கும் முன் பொத்தானைத் தள்ளுவது என் வழக்கமாயிற்று. அதைத் திரும்பத் தள்ள மறந்துவிட்டு, காலையில் கேமராவை உயர்த்திய நேரத்தில் ‘கார்டு பூட்டப்பட்டுள்ளது’ என்ற செய்தியைப் படித்ததும் சில முறை நடந்தது.

ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு இடது ஸ்லாட்டின் விசை தேய்ந்துபோனது. பூட்டாத கார்டைப் போட்டாலும், பூட்டியிருப்பதாகவே அது சொல்லத் தொடங்கியது. கார்டில் எதையாவது எழுத நினைப்பவருக்கு அந்த ஸ்லாட் இனி உதவாது. இவ்வளவு விரைவில் தேய்ந்தது குறைதான், மதிப்பெண் குறைக்க வேண்டியதுதான். ஆனால் படங்களை இறக்க எழுத வேண்டிய தேவையே இல்லை. பொத்தானைத் தொடாமலேயே கார்டு பூட்டியிருக்கிறது. கேமராவுக்குத் திரும்பும்போது திறந்தே இருக்கிறது. அந்த ஸ்லாட்டுக்கு மேலே ‘படிக்க மட்டும்’ என்று எழுதிய ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி வைத்திருக்கிறேன். படங்கள் நிறைந்த கார்டுகளை இப்போது அதில் மட்டுமே செருகுகிறேன். வலது ஸ்லாட் பெரும்பாலும் சும்மா கிடக்கிறது.